மலையூர்களில் பேறுகால ஆயத்தம்

மலையூர்களில் பேறுகால ஆயத்தம் என்பது மருத்துவமனையில் இருந்து நெடுந்தொலைவில் உள்ள மலைக் கிராமங்களில் வாழும் கருவுற்ற பெண்களும் அவர்களது குடும்பத்தாரும் பிள்ளைப்பேற்றுக்கு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடுகளைக் குறிக்கும். சமவெளி ஊர்களில் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பவையே பெரும்பாலும் முதற் கேள்விகளாக அமைகின்றன. மலையூர்களில் எப்பொழுது ஊரை விட்டுப் புறப்படுவது என்பதே முதற் கேள்வி ஆகும். இக்கட்டுரை பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில் உள்ள கூக்கால் என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை விளக்குகின்றது.

கூக்காலின் அமைவிடம்

கூக்கால் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தில் உள்ள ஒரு மலைக் கிராமம் ஆகும். கொடைக்கானல் நகரில் இருந்து பூம்பாறை வழியாக மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, போளூர், கிளாவரை ஆகியன இதே மேல்மலைப் பகுதியில் உள்ள பிற ஊர்கள் ஆகும். உருளைக்கிழங்கு, கேரட், அவரை, மலைப்பூண்டு ஆகியவை இங்கு பயிரிடப்படுகின்றன. கூக்கால் ஏரியும் அதனைச் சூழ்ந்த சோலைக் காடும் சுற்றுலாப் பயணிகளால் அறியப்பட்டவை.

இப்பகுதியின் சாலை காட்டின் ஊடாகவும் படிமுறை வயல்களின் ஓரமாகவும் வளைந்து வளைந்து செல்வது. மழைக்காலத்தில் மரம் விழுதலும் மண்சரிவும் புதியவை அல்ல. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலின்போது கொடைக்கானல் மலைப்பகுதியில் ஏராளமான மரங்கள் சாய்ந்து சாலைகளும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. கோடை விடுமுறையில் வேறு வகையான தடை ஏற்படுகின்றது. மேல்மலையில் இருந்து வரும் வண்டி கொடைக்கானல் நகருக்குள் நுழையும்போது சுற்றுலா வாகனங்களின் நெரிசலில் சிக்கிக்கொள்ளும். இந்நெரிசலைக் கட்டுப்படுத்தும் பொருட்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

நேரக் கணக்கு

பிள்ளைப்பேற்றின்போது ஏற்படும் சிக்கல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கால அளவில் உயிரைப் பறிக்கக் கூடியவை. ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா மெயின் என்பவர் இதற்கு ஒரு தோராயக் கணக்கை முன்வைத்தார். மருத்துவம் கிடைக்காத நிலையில், சிக்கல் தொடங்கியதில் இருந்து இறப்பு வரை உள்ள சராசரி நேரம் பேற்றுக்குப் பின்னான குருதிப்பெருக்கில் 2 மணி நேரம். பேற்றுக்கு முன்னான குருதிப்பெருக்கில் 12 மணி நேரம். கருப்பை கிழிதலில் 1 நாள். வலிப்பு நோயில் 2 நாட்கள். தடைப்பட்ட பேற்றில் 3 நாட்கள். நோய்த்தொற்றில் 6 நாட்கள் என்பதே அக்கணக்கு. இவை சராசரிகளே. எனினும் தாய்மார் நலத் திட்டங்களை வகுப்போர் இன்றும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இக்கணக்கைக் கூக்காலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மலைச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. எனக் கொண்டால், 40 கி.மீ. தொலைவைக் கடக்க 1 மணி 36 நிமிடம் ஆகும். வாகனம் உள்ளூரிலேயே ஆயத்தமாக நின்றால்தான் இந்த நேரம். அது கொடைக்கானலில் இருந்து புறப்பட்டு வந்து திரும்ப வேண்டியிருந்தால் 3 மணி நேரத்துக்கும் மேலாகும். தடைப்பட்ட பேற்றுக்கு இந்த நேரம் போதும், வலிப்பு நோய்க்கும் போதும். பேற்றுக்குப் பின்னான குருதிப்பெருக்குக்கு மட்டும் போதாது. இங்கு மேலும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மற்ற சிக்கல்களில் பலவற்றுக்கு முன்னறிகுறிகள் உண்டு. குருதி அழுத்தம் கூடும், கால் வீங்கும், பேறு நெடுநேரம் நீளும். ஆனால் பேற்றுக்குப் பின்னான குருதிப்பெருக்கு எந்தக் குறையும் இல்லாத, முந்தைய பிள்ளைகளை எளிதாகப் பெற்ற பெண்ணுக்கும் ஏற்படக் கூடியது. ஆகவே சிக்கல் வந்தபின் புறப்படலாம் என்னும் திட்டம் கூக்கால் போன்ற ஊருக்குக் கணக்கின்படியே பொருந்தாது. சிக்கல் வருவதற்கு முன்னரே, வலி கூட வருவதற்கு முன்னரே, மருத்துவமனைக்கு அருகில் இருத்தலே பொருந்தும்.

குருதிச்சோகை இக்கணக்கை மேலும் சுருக்குகின்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் தாங்கக்கூடிய குருதி இழப்பை இவர்களால் தாங்க இயலாது.

மூன்று தாமதங்கள்

சேரீன் தாடியஸ், டெபோரா மெயின் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தாய் இறப்புக்கு இட்டுச்செல்லும் தாமதங்களை மூன்றாகப் பிரித்தனர். மருத்துவமனைக்குப் போவது என முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. அங்கு போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. சேர்ந்தபின் உரிய மருத்துவம் கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. இம்மூன்றும் தனித்தனியானவை அல்ல என்பதே அக்கட்டுரையின் முதன்மையான கருத்து. சாலை மோசம் என்றோ, போனாலும் மருத்துவர் இருக்க மாட்டார் என்றோ முன்பே அறிந்த குடும்பம் முடிவெடுப்பதிலேயே தயங்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அறியாமையாகத் தோன்றும். உண்மையில் இது பட்டறிவின் மேல் எழுந்த கணிப்பு ஆகும்.

மலையில் மூன்றாம் தாமதம் இரு கட்டங்களாக வருகின்றது. அறுவை முறைப் பேற்றுக்கு மகப்பேற்று மருத்துவர், மயக்க மருந்து அளிப்பவர், ஏற்ற வகைக் குருதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று இல்லையெனினும் தாயைக் கீழே அனுப்ப வேண்டி வரும். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு மலைப்பாதையில் வத்தலக்குண்டு வரை இறங்கி, அங்கிருந்து திண்டுக்கல், தேனி அல்லது மதுரைக்குச் செல்ல வேண்டும். கொடைக்கானலில் இருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 95 கி.மீ., மதுரை ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளன. கூக்காலில் இருந்து வரும் பெண்ணுக்கு இது இரண்டாவது மலைப்பயணம்.

வலியை அறிதல்

பேற்று வலி தொடங்கிவிட்டதா இல்லையா என்பதை அறிவது முதல் தாமதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இறுதி மாதத்தில் கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. இது பொய்வலி எனப்படும். உண்மையான வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும். இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும். எழுந்து நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. குருதி கலந்த சளி போன்ற நீர் வெளிப்படுதலும் பனிக்குடம் உடைதலும் பிற அறிகுறிகள்.

தமிழ்நாட்டில் வலி கண்ட பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் சீரகம் கொதிக்க வைத்த நீரைக் குடிக்கக் கொடுப்பது பரவலான வழக்கம். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது அவர்கள் கூறும் விளக்கம். சீரக நீரால் தீங்கு எதுவும் இல்லை. உட்கார்ந்து, ஒரு குவளை நீர் அருந்தி, அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது ஒருவகையில் பொருத்தமான சோதனையும் ஆகும், ஏனெனில் பொய்வலி ஓய்விலும் நீர் அருந்துவதாலும் பெரும்பாலும் தணியும். நகரத்தில் இந்த அரை மணி நேரத்தால் இழப்பு ஏதும் இல்லை. இரவு நேரத்தில், வாகனம் இல்லாத மலையூரில், இதுவே முதல் தாமதத்தின் தொடக்கமாகி விடுகின்றது.

தலைப்பேற்றில் நேரம் ஓரளவு இருக்கும். உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்ததில் இருந்து முழுமையாக விரியும் வரையிலான கட்டம் தலைப்பேற்றில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேற்படாது, அடுத்தடுத்த பேறுகளில் 10 மணி நேரத்துக்கு மேற்படாது. இவை மேல் எல்லைகள். இரண்டாம், மூன்றாம் பேறுகள் இதைவிட மிக விரைவாக முடிவதும் உண்டு. ஆனால் குடும்பங்களின் நடைமுறை இதற்கு நேர்மாறாக உள்ளது. தலைப்பிள்ளைக்கு எல்லோரும் அஞ்சி முன்கூட்டியே கிளம்புவர். இரண்டாம் பிள்ளைக்கு, தாய்க்கு ஏற்கனவே பழக்கம் என்று கருதி, வலி நன்றாக வந்தபின் கிளம்புவர். மலைச் சாலையில் வண்டியிலேயே குழந்தை பிறக்கும் வாய்ப்பு இந்த இரண்டாம் வகையினருக்கே மிகுதி.

தாய்வீடும் வளைகாப்பும்

தமிழர் வழக்கில் பேறுகால ஆயத்தத்தின் வெளிப்படையான தொடக்கம் வளைகாப்பு ஆகும். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் கருவுற்ற பெண்ணுக்குக் கைநிறைய வளையல் அடுக்கி, மஞ்சள் பூசி, பலவகைச் சோறு படைத்து, பின் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். தலைப்பேறு தாய்வீட்டில் நடைபெறுவது மரபு. அங்கன்வாடி மையங்கள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு நிகழ்ச்சியிலும் வளையலோடு ஊட்டச்சத்து அறிவுரையும் சேர்த்து வழங்கப்படுகின்றது.

இவ்வழக்கம் பேறுகாலத்தில் பெண்ணை ஓர் ஊரில் இருந்து மற்றோர் ஊருக்கு இடம் மாற்றுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. சமவெளியில் பிறந்து மேல்மலைக்கு மணமாகி வந்த பெண்ணை வளைகாப்பு மருத்துவமனைக்கு அருகில் கொண்டுபோய் விடுகின்றது. கூக்காலில் பிறந்து கீழே மணமாகிச் சென்ற பெண்ணையோ அது மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் இருந்து மலைக்கு ஏற்றி விடுகின்றது. தாயின் கவனிப்பு, பழகிய வீடு, பழகிய உணவு ஆகியவற்றின் நன்மை பெரிது. அதற்கான விலை தொலைவு. முதல் ஏழு மாதம் ஒரு செவிலியரின் பதிவேட்டில் இருந்த பெண் கடைசி இரண்டு மாதம் வேறொரு செவிலியரின் பகுதிக்கு வந்துவிடுவதும் ஒரு சிக்கல் ஆகும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் இணையவழிப் பதிவில் ஒரு தனி எண் வழங்கப்படுகின்றது. எந்த ஊருக்குச் சென்றாலும் அப்பெண்ணின் குருதி வகை, குருதி அழுத்தம், முந்தைய பேறுகள் பற்றிய விவரங்கள் அவரைத் தொடர்வதற்கு இவ்வெண் உதவுகின்றது. எனவே தாய்வீடு செல்லும்போது எடுத்துச்செல்ல வேண்டியவற்றுள் வளையலுக்கு அடுத்தது இந்த எண் எழுதிய அட்டை எனலாம்.

மருத்துவச்சியும் மருத்துவமனையும்

சாலைகள் வருவதற்கு முன் மலையூர்களில் பேறு பார்த்தவர்கள் அனுபவம் மிக்க மூத்த பெண்களும் மருத்துவச்சிகளும் ஆவர். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இப்பணி நாவிதர் சமூகப் பெண்களிடம் இருந்தது. கருவில் குழந்தை கிடக்கும் நிலையைக் கையால் அறிதல், தாயை எழுந்து நடக்கவும் குந்தி உட்காரவும் வைத்தல், பேற்றின் முழு நேரமும் உடன் இருத்தல் ஆகியன அவர்களது வலிமைகள். குருதிப்பெருக்கை நிறுத்தும் மருந்தும், குருதி ஏற்றும் வசதியும், அறுவையும் அவர்களிடம் இல்லை. கொப்பூழ்க்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுப்பதால் வந்த பிறவிக்கால இசிவு நோய் முன்பு ஏராளமான குழந்தைகளைக் கொன்றது. கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி இடுதல், தூய பேற்று முறைகள், மருத்துவமனைப் பேறு ஆகியவற்றின் விளைவாக இந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை அடைந்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது.

2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடைபெறுகின்றன. இந்திய அளவில் இது 88.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03 காலத்தில் 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவில் இது 301இல் இருந்து 97 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியரைப் பணியமர்த்தியதும், ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியே விசாரித்துக் காரணம் அறியும் முறையும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 99.6 என்ற எண் குழந்தை எங்கே பிறந்தது என்பதை மட்டுமே சொல்கின்றது. தாய் எத்தனை மணி நேரம் வலியுடன் பயணம் செய்தார் என்பதை அது சொல்வதில்லை.

மருத்துவ உதவியை வேண்டுமென்றே தவிர்ப்பது இதனின்றும் வேறான ஒன்று. 2018 சூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்ற நிகழ்வில் தாய் குருதிப்பெருக்கால் இறந்தது தமிழ்நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. அங்கு மருத்துவமனை தொலைவில் இல்லை. மலையூரில் வீட்டில் நிகழும் பேறு பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று, நேர்ந்துவிடுவது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துக் குடும்பத்தாரைக் கடிந்துகொள்வது பொருத்தமற்றது.

தாய்மாரின் பட்டறிவு

தமிழ்நாட்டுப் பெண்கள் தம் பேற்றைப் பற்றித் தாமே கூறுவனவற்றை விரிவாகப் பதிவு செய்த நூல்களுள் ஒன்று அமெரிக்க மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன் எழுதி 2003இல் வெளிவந்தது. சென்னையிலும் அதன் அருகில் உள்ள சிற்றூர்களிலும் 1990களில் செய்த களப்பணியை அடிப்படையாகக் கொண்டது. வலியைப் பற்றி அப்பெண்கள் கொண்டிருந்த கருத்து மேலைநாட்டு இயற்கைப் பேற்று இயக்கத்தினரின் கருத்தில் இருந்து வேறுபட்டது என அவர் காட்டினார். வலி கூடினால்தான் பிள்ளையை வெளித்தள்ளும் சக்தியும் கூடும் என்று அவர்கள் கருதினர். ஆகவே வலியைக் கூட்டும் ஊசியைப் பலர் தாமே கேட்டுப் பெற்றனர். வலியைக் குறைக்கும் மருந்து அவ்வளவாகக் கேட்கப்படவில்லை.

மருத்துவமனைக்குச் செல்ல அவர்கள் தயங்கியதற்கான காரணங்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. உறவினரை உடன் இருக்க விடாமை, வலியில் கத்தினால் ஏச்சு, ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய கையூட்டு, தம்மைக் கேளாமலே கருத்தடைச் சாதனம் பொருத்திவிடுவார்களோ என்னும் அச்சம் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. மருந்தையும் அறுவையையும் அவர்கள் மறுக்கவில்லை. தனிமையையும் அவமதிப்பையுமே மறுத்தனர். மலையூர்ப் பெண்ணுக்கு இவற்றோடு ஊர் புதிது, ஆட்கள் புதிது என்பதும் சேர்ந்துகொள்கின்றது.

இவற்றுள் தனிமைக்குத் தமிழ்நாடு அரசு ஒரு தீர்வைக் கண்டது. பேற்றறையில் தாயுடன் பெண் உறவினர் ஒருவர் இருக்கலாம் என்னும் பேற்றுத் துணைவர் திட்டம் அரசு மருத்துவமனைகளில் 2004இல் தொடங்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எல்லாப் பெண்களுக்கும் இத்தகைய துணையைப் பரிந்துரைக்கின்றது. பேற்றின் முழு நேரமும் துணை பெற்ற பெண்களுக்குப் பேற்று நேரம் சற்றுக் குறைவதும், அறுவை முறைப் பேறு குறைவதும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வுகளில் தெரியவந்துள்ளது. மருத்துவச்சி முன்பு செய்துவந்த பணிகளுள் ஒன்று இவ்வாறு மருத்துவமனைக்குள் திரும்பி வந்தது எனலாம். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் அறுவை முறைப் பேறுகள் 44.9 விழுக்காடாக, இந்திய அளவான 21.5 விழுக்காட்டைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்த நிலையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

காத்திருப்பு அறைகள்

தொலைவு என்னும் சிக்கலுக்கு உலகின் பல நாடுகள் கண்ட விடை பேறுகாலக் காத்திருப்பு இல்லம் ஆகும். பேற்று நாளுக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னர் வந்து, மருத்துவமனைக்கு அருகில் தங்கி, வலி வந்ததும் நடந்தே சென்று சேரக்கூடிய விடுதி இது. கியூபாவில் 1962 முதல் இத்தகைய இல்லங்கள் இயங்கின. எத்தியோப்பியா, சிம்பாப்வே போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் உள்ளன. உலக சுகாதார அமைப்பு 1996இல் இவற்றின் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டது. 2015இல், மருத்துவ வசதி எட்டாத பகுதிகளுக்கு இவற்றைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலும் மலையடிவாரங்களிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் உள்ள சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிறப்புக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டன. கருவுற்ற பெண்ணும் அவருடன் ஒருவரும் தங்கி உணவு பெறுவதற்கு இவற்றில் ஏற்பாடு உண்டு.

கட்டடம் மட்டும் இருந்தால் பெண்கள் வந்துவிடுவதில்லை என்பது எல்லா நாடுகளிலும் கண்ட அனுபவம். வீட்டில் உள்ள மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தீவனம் வைப்பது, உடன் வந்து தங்குபவரின் கூலி என்னாவது என்பன சிறிய கேள்விகள் அல்ல. மலைப்பூண்டு அறுவடை நேரத்தில் மேல்மலைக் குடும்பம் ஒன்று இரண்டு கைகளை இரு வாரம் விட்டுக்கொடுப்பது எளிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யக் கூடியது. 2006இல் 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இவ்வுதவி 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பொருள்களையும் சேர்த்து 18,000 ஆகவும் ஆனது. தவணைகளாக வழங்கப்படுவதால், தங்குவதற்குப் பணம் தேவைப்படும் வாரத்தில் அது கையில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அரசு அறை இல்லாத இடத்தில் நகரில் உள்ள உறவினர் வீடே காத்திருப்பு இல்லமாக அமைகின்றது.

வாகனம்

108 இலவச அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மேல்மலை ஊர்களில் காய்கறி ஏற்றிச்செல்லும் வாகனங்களும் வாடகை ஜீப்புகளும் பேருந்துமே வழி. அவசர ஊர்தியில் பயிற்சி பெற்ற நுட்புநர் ஒருவர் இருப்பார். வழியில் குழந்தை பிறக்க நேர்ந்தால் வண்டியை நிறுத்திப் பேறு பார்க்க அவருக்குப் பயிற்சி உண்டு. எனினும் மலையில் ஊர்தி வந்து சேரும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். கைபேசி அலைவரிசை கிடைக்கும் இடம் எது என்பதை முன்பே அறிந்து வைத்திருப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி.

சாலையே இல்லாத ஊர்களும் இவ்வட்டத்தில் இருந்துள்ளன. வட்டக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி என்னும் ஊரில் இருந்து நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் டோலி கட்டித் தோளில் சுமந்து மேலே கொண்டுவரும் காட்சி செய்தித்தாள்களில் பலமுறை வெளிவந்தது. அதனுடன் ஒப்பிட்டால் கூக்கால் வசதியான ஊர்.

ஏற்பாடுகள்

கிராம சுகாதார செவிலியர்கள் எட்டாம் மாதத்தில் குடும்பத்தாரிடம் கேட்பவற்றைத் தொகுத்தால் பின்வருமாறு அமையும். எங்கே பேறு, எந்த நாளில் புறப்பாடு, யார் உடன் வருவார், பகலில் எந்த வாகனம், இரவில் எந்த வாகனம், குருதி தேவைப்பட்டால் கொடுப்பவர் யார், கையில் எவ்வளவு பணம், வீட்டில் யார் இருப்பார். இவற்றுள் எளிதில் மறக்கப்படுவது முடிவெடுப்பவர் யார் என்பது. கணவர் சந்தைக்குப் பூண்டு ஏற்றிச் சென்றிருக்க, மாமியார் அவருக்காகக் காத்திருக்க, இரண்டு மணி நேரம் கழிந்துவிடும். அவர் இல்லாதபோது யார் சொல்லே போதும் என்பதை முன்பே பேசி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

பையில் பழைய பருத்திப் புடவைத் துணிகள், கம்பளி, குழந்தைக்குத் தொப்பி, பதிவு அட்டை, கருவிக்கதிர்ப்படங்கள், வெந்நீர்க்குடுவை ஆகியன இருக்க வேண்டும். முந்தைய பேறு அறுவை முறையில் நடந்தவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர்கள், குருதி அழுத்தம் மிகுந்தவர்கள் ஆகியோர் மற்றவர்களை விட முன்னதாகவே புறப்பட வேண்டும். தலைவலியுடன் கண் மங்குதல், குருதி வெளிப்படுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் நாள் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

பேற்றுக்குப் பின்

குழந்தை பிறந்ததும் தாய்க்கு இடப்படும் ஆக்சிடோசின் ஊசி குருதிப்பெருக்கைத் தடுக்கும் முதன்மையான மருந்து. இதைக் குளிரில் பாதுகாக்க வேண்டும். அவ்வசதி இல்லாத இடங்களில் மிசோப்பிரோசுத்தால் மாத்திரை பயன்படுகின்றது. குருதி இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவதில் பிழை மிகுதி. அளவுகோடுகள் இட்ட ஒரு நெகிழிப் பையைத் தாயின் கீழ் விரித்து இழப்பை அளந்து, எல்லையைத் தாண்டியதும் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரத் தொடங்கும் முறை கென்யா, நைசீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் சோதிக்கப்பட்டது. கடுமையான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. விலை குறைந்த ஒரு பை, கீழே அனுப்பலாமா என்னும் முடிவை முன்னதாக எடுக்க உதவுகின்றது என்பதால் மலைப்பகுதிகளுக்கு இது சிறப்பாகப் பொருந்தும்.

மலையில் பிறந்த குழந்தைக்கு அடுத்த எதிரி குளிர். பிறந்த உடனே குளிப்பாட்டும் வழக்கம் குழந்தையின் உடல் வெப்பத்தைக் குறைக்கும். குளிப்பாட்டுவதைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகின்றது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறை 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப்பேழைகள் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. கொடைக்கானலில் இருந்து மார்கழி இரவில் வீடு திரும்பும் குழந்தைக்கு வண்டியில் மிகச் சிறந்த வெப்பப்பேழை இதுவே.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுத்தல் தமிழ்நாடு முழுதும் உள்ள பத்திய முறை. பாலில் வேகவைத்தும், குழம்பில் இட்டும், இலேகியத்தில் சேர்த்தும் கொடுப்பர். மேல்மலையில் இதற்குக் குறைவே இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு பால் சுரப்பைக் கூட்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செய்து 1991இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தாய் பூண்டு உட்கொண்ட சில மணி நேரத்தில் பாலின் மணம் மாறியதும், அப்போது குழந்தைகள் வழக்கத்தை விட நீண்ட நேரம் மார்பில் பால் அருந்தியதும் கண்டறியப்பட்டன. பத்தியத்தின் பெயரால் தண்ணீரையும் கீரையையும் பருப்பையும் குறைப்பது மட்டும் தவிர்க்கப்பட வேண்டியது. பிறந்த உடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், அதற்கு மாற்றாகச் சர்க்கரை நீர் புகட்டுவதும் அவ்வாறே.

பேறு முடிந்து குடும்பம் மேலே திரும்பும் வழியில் பூம்பாறை வருகின்றது. அங்குள்ள குழந்தை வேலப்பர் கோயில் முருகனைக் குழந்தை வடிவில் வழிபடும் தலம். பிள்ளை வரம் வேண்டியோரும் பிள்ளை பெற்றோரும் இங்கு வந்து வழிபடுவது வழக்கம். தாய்க்கும் குழந்தைக்கும் 42 நாட்கள் வரை செவிலியர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. காய்ச்சல், நாற்றமுள்ள வெளிப்போக்கு, மீண்டும் குருதி, மார்பில் கட்டி ஆகியவை அந்நாட்களில் தோன்றினால், அதே 40 கி.மீ. சாலையில் மீண்டும் இறங்க வேண்டும்.